ஐந்து எண்ணி ஒரு மூச்சு

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்தபடி இருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமில் பதினோரு வருஷம் பகல் டூட்டி டாக்டராக இருந்தேன். பன்னிரண்டு கட்டில்கள். அவற்றில் இரண்டுக்குச் செங்கல்தான் கால். பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் கட்டிய இடம் அது. ஆனால் வாசலிலேயே அந்தச் சாலை இருந்ததால், அடிபட்டவர்களையும் எங்களிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு லாரி கிளீனரைக் கொண்டுவந்தார்கள். தாடை நொறுங்கி வாய் முழுக்க ரத்தம். மூச்சுக்குழாய்க்குள் டியூப் விட நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் ரத்தத்தில் வழி தெரியவில்லை. அவன் என் கையைத் தள்ளிக்கொண்டே இருந்தான். பிறகு தள்ளுவதை நிறுத்தினான்.

வாய் வழி அடைபட்டுவிட்டால், கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே விரல் நுனி பதிகிற பள்ளத்தில் கீறி, அங்கே டியூபை விடலாம். எனக்கு இது தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். கையால் செய்ததில்லை. அன்றைக்குக் கத்தி எடுக்கத் தைரியம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதன் பிறகு வாசலில் ஹாரன் கொஞ்சம் நீளமாக ஒலித்தாலும் கருவிகள் வைத்த டிரேயிடம் ஓடுவேன். டிரேயைத் திறந்து கத்தி இருக்கிறதா என்று பார்ப்பேன். மூடுவேன். மறுபடி திறப்பேன்.

"இப்பத்தானே சார் பார்த்தீங்க? அதுக்குக் கால் முளைச்சு ஓடிடுமா?" என்பார் எங்கள் சீனியர் நர்ஸ். அவரை எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், விபத்துச் சிகிச்சையில் டாக்டர்களுக்கு இரண்டு நாள் மேற்பயிற்சி என்று தகவல் வந்தது. அன்றே பெயர் கொடுத்தேன். போனால் இருபத்துநான்கு பேர், பாதிப் பேருக்கு என் மகன் வயது. எனக்கு ஐம்பத்துநான்கு.

"சார், நீங்க சொல்லித்தர வந்தீங்களா, கத்துக்க வந்தீங்களா?" என்று கேட்டான் ஒருவன்.

"பாஸ் பண்ண வந்தேன்" என்றேன்.

முதலில் மூச்சு, அடுத்து நெஞ்சு, அதற்கடுத்து ரத்தம். இந்த வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்படி அடித்து ஏற்றினார்கள். ரப்பர் பொம்மையைச் சுற்றி மண்டியிட்டுக் கோரஸாக எண்ணினோம். ஐந்து எண்ணி ஒரு மூச்சு, காற்றுப் பையை ஓர் அமுக்கு. இதயம் நின்றுவிட்டாலும் அதே ஐந்துதான். ஒவ்வோர் எண்ணுக்கும் நெஞ்சில் ஓர் அமுக்கு, ஐந்து முடிந்ததும் மூச்சு. "எண்ணிக்கை அறுபடக் கூடாது. ஆள் இல்லைன்னா பக்கத்துல நிக்கிறவங்களை எண்ணச் சொல்லுங்க" என்றார் பயிற்சியாளர்.

நான் எதற்காகப் போனேனோ, அது இரண்டாம் நாள் மத்தியானம் வந்தது. கழுத்தில் வழி செய்ய ஆட்டுத் தொண்டை வைத்திருந்தார்கள். இருபத்துநான்கு பேருக்கு நான்கு தொண்டை. என் குழுவில் நான் ஐந்தாவது. என் முறை வந்தபோது அந்தப் பள்ளம் இருந்த இடத்தில் ஒரு கிழிசல்தான் இருந்தது.

"இனிமே ஆட்டுக்குத்தான் வைத்தியம் பார்க்கணும்" என்று சிரித்தார்கள். பயிற்சியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "செய்யறதைப் பார்த்தீங்க இல்ல சார்? அவ்வளவுதான்." சான்றிதழ் கொடுத்தார்கள். மின்சார ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளீனர் இறந்த அன்றைக்கு எனக்கு என்ன தெரியுமோ, அதற்கு மேல் என் கைக்கு எதுவும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு தாம்பரம் மார்க்கெட்டில், வாழ்க்கையில் முதல்முறையாக, கறிக்கடை வரிசையில் நின்றேன். நுரையீரலோடு தொங்கிய குழாயை வாங்கி வந்தேன். தடவிப் பார்த்தால் பள்ளமே இல்லை. ஆட்டை அறுப்பது அதற்குக் கீழே. நான் தேடிய பாகம் தலையோடு போய்விட்டிருந்தது. அதற்கடுத்த ஞாயிறு தலை கேட்டேன்.

"இன்னா சார், போன வாரம் நுரையீரலு, இந்த வாரம் தலை. வூட்ல விசேஷமா?" என்றார் கறிக்கடைக்காரர்.

"தொண்டையோட வேணும்."

"தொண்டைய யாரு சார் துன்றாங்க? நாய்க்குப் போடுவோம்."

"நாய்க்குப் போடாம எனக்குப் போடுங்க."

வரிசை மொத்தமும் சிரித்தது. அவர் வாராவாரம் தொண்டையோடு தலையை எடுத்துவைக்க ஆரம்பித்தார். முட்டைகூட நுழையாத வீடு எங்களுடையது. மனைவி வாசலிலேயே மறித்துவிட்டாள். ஆகவே நர்சிங் ஹோமின் பின்புறம், துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்துச் செய்தேன். பதினான்கு தொண்டைகள். கடைசி ஐந்தைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தேன். ரத்தம் பெருகினால் கண்ணால் ஆவது ஒன்றுமில்லை.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம், ஒரு டெம்போவில் ஓர் இளைஞனைக் கொண்டுவந்தார்கள். இருபத்தைந்து வயதிருக்கும். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பெருங்களத்தூரில் இருந்த அக்காவுக்குப் பொங்கல் சீர் கொண்டுவந்து பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறான். ரோட்டைத் தாண்டும்போது இன்னொரு பஸ் அடித்துவிட்டது. எதிர்ப்புறம் அவனுக்காகக் காத்து நின்ற அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கொண்டுவந்த மஞ்சள் கொத்து இப்போது அவள் கையில் இருந்தது.

முகம் நசுங்கியிருந்தது. மூக்கு எது, வாய் எது என்று தெரியவில்லை. நெஞ்சு ஏறப் பார்த்தது, காற்று போகவில்லை. விரல் நகங்கள் நீலமாகிக்கொண்டிருந்தன.

"ஊசி போடு சார்! குளுக்கோஸ் ஏத்து சார்! இன்னா சார், கழுத்தைத் தடவிக்கினு நிக்கிறே?" என்று அவள் கத்தினாள்.

மனிதக் கழுத்து ஆட்டுக் கழுத்து அல்ல. குட்டையாக, வீங்கி, என் விரலுக்கடியில் துடித்துக்கொண்டு இருந்தது. பள்ளம் கிடைக்கவில்லை. கண்ணை மூடினேன். கிடைத்தது. கீறினேன், ரத்தம்தான் வந்தது. இன்னும் ஆழமாகக் கீறினேன். 'உஸ்' என்று காற்று என் முகத்தில் ரத்தத்தைத் தெளித்தது. டியூபை நுழைத்துக் காற்றுப் பையை மாட்டி அமுக்கினேன். நெஞ்சு ஏறியது. நீலம் வடிந்தது. சிஸ்டர் வாய்விட்டு அழுதுவிட்டார்.

"மூச்சு வந்துட்சா சார்?"

"வந்துடுச்சும்மா" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேறு எதையும் சொன்னதில்லை.

அடுத்து வயிற்றில் கை வைத்தேன். கல்லாக இருந்தது. உள்ளே எங்கேயோ ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையிலும் டிரிப் ஓடவிட்டோம். வயிற்றைத் திறக்க எங்களிடம் சர்ஜனும் இல்லை, ரத்தமும் இல்லை. அவனை வேனில் ஏற்றி, அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்து, நகரத்துக்குக் கிளம்பினோம். சிஸ்டர் நாடியைப் பிடித்துக்கொண்டார். நான் பையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, நீங்க எண்ணுங்க. சத்தமா, அஞ்சு வரைக்கும். நிறுத்தாதீங்க."

அவள் எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. நான் அமுக்கினேன். பண்டிகைக் கூட்டத்தில் சாலை அடைத்துக்கொண்டு நின்றது. எங்களுக்கு முன்னால் கரும்பு ஏற்றிய வண்டிகள். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. குரோம்பேட்டையைத் தாண்டும்போது சிஸ்டர் என்னைப் பார்த்தார். நாடியைத் தேடி அவர் விரல்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. பிறகு தேடுவதை நிறுத்தின.

பையை அவரிடம் கொடுத்துவிட்டு அவன் நெஞ்சில் கை வைத்து அமுக்க ஆரம்பித்தேன்.

"இன்னாத்துக்கு சார் நெஞ்சை அமுக்கற? மூச்சுதான் வந்துட்சே?"

"எண்ணுங்கம்மா."

எண்ணிக்கையை அவள் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஒண்ணு, நான் அமுக்கினேன். ரெண்டு, அமுக்கினேன். அஞ்சு சொன்னதும் சிஸ்டர் பையை அமுக்க, நெஞ்சு ஏறி இறங்கும். ஒவ்வொரு தடவையும் அவள் அந்த நெஞ்சைப் பார்த்தாள். பல்லாவரம், மீனம்பாக்கம். அவள் குரல் கட்டிவிட்டது. ஆனாலும் ஒரு எண்ணைக்கூட விடவில்லை. ரத்தம் தீர்ந்துபோன உடம்பு அது. என் கைக்கு அது தெரிந்தது. ஆனால் நான் நிறுத்தினால் அவளும் நிறுத்துவாள்.

ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றது. கேஷுவாலிட்டியிலிருந்து ஒரு இளம் டாக்டர் ஓடிவந்து வேனுக்குள் ஏறினார். கண் ரெப்பையைத் தூக்கி டார்ச் அடித்தார். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். கழுத்தில் நான் போட்ட டியூபைப் பார்த்தார், சரியான இடத்தில் இருந்தது. என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை அசைத்தார்.

"மூணு" என்றாள். "நாலு."

என் கைகள் நின்றிருந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அஞ்சு சொல்லட்டா சார்?"

"சொல்லுங்கம்மா" என்றேன்.