சூப்புக் கிண்ணத்தில் ரசம்

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஹோட்டல் நிர்வாகம் படித்தேன். எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் பெண் நான்தான்.

பயிற்சிக்குப் போன ஹோட்டலில் ஒரு மதியம் தமிழர் கல்யாண விருந்து. முழுக்கச் சைவம். காளான் சூப் பரிமாறப் போகும் நேரம், லேசாகக் கோழி வாசம் அடித்தது. சீனச் சமையல்காரரிடம் மலாய் மொழியில் கேட்டேன். “இறைச்சி இல்லை, கோழி எலும்பு வேகவைத்த தண்ணீர்தான்” என்றார் சாதாரணமாக.

“மணி அண்ணே, சூப் வெளிய போகக் கூடாது!” என்று பரிமாறுபவரைத் தடுத்தேன்.

“எல்லாரும் உக்காந்துட்டாங்க லா, இப்ப என்ன செய்றது?” என்றார் அவர், எங்கள் ஊர்ப் பேச்சின் ‘லா’வோடு.

“நான் ரசம் வைக்கிறேன். நீங்க ஜூஸ் கொடுத்துச் சமாளிங்க.”

தக்காளி, புளி, மிளகு எல்லாம் அங்கேயே இருந்தன. விஷயம் புரிந்ததும் சமையல்காரரும் பதறிப்போய்ப் பூண்டு நசுக்கிக் கொடுத்தார். சூப்புக் கிண்ணங்களில் ரசம் சுடச்சுடப் போனது.

சற்று நேரத்தில் கல்யாணப் பெண்ணின் அப்பாவே சமையலறைக்கு வந்துவிட்டார். “யாரும்மா ரசம் வெச்சது? எல்லாரும் இன்னொரு கிண்ணம் கேக்குறாங்க லா!”

நடந்ததைச் சொன்னேன். “எங்க மானத்தையே காப்பாத்திட்டம்மா” என்று கைகூப்பினார்.

படிப்பு முடிந்ததும் அந்த ஹோட்டலே என்னை வேலைக்கு அழைத்தது. சில வருடங்களில் விருந்துப் பிரிவுக்கே பொறுப்பானேன். சைவ விருந்தென்றால், சட்டி அடுப்பில் ஏறும்போதே பக்கத்தில் போய் நின்றுவிடுவேன்.