அம்மாவின் புல்தரையும் ஒரு வண்டி வண்டலும்

இன்று காலை அலுவலகத்தில் நடந்தவை, நடந்த வரிசையிலேயே:

1. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வரப்போகும் ஒரு தொழிற்சாலையின் வரைபடம் என் பலகையில் இருந்தது. எங்கள் எஞ்சினியர் முகப்புக்கு முன்னால் இருந்த காலி இடத்தில் விரலை வைத்து, "இங்க லான் போட்டுடும்மா" என்றார்.

2. போட்டேன். வரைபடத்தில் புல்தரை போடுவது மிகச் சுலபம். பேனாவால் சின்னச் சின்னக் கீற்றுகள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

3. தோட்டக் கான்ட்ராக்டர் மாதிரிக்கென்று ஒரு துண்டுப் புல்லை மண்ணோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துவந்து என் மேஜைமேல் வைத்தார்.

4. சாக்கைப் பிரித்ததும் மின்விசிறிக் காற்றில் ஈர மண்ணும் புல்லும் கலந்த அந்த வாசனை அறை முழுக்கப் பரவியது.

5. புல்லுக்கு நடுவில், கொஞ்சம் வெளிறிய பச்சையில், தனியாக ஒரு குருத்து நின்றது. விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தேன். தண்டு மூன்று பட்டையாக இருந்தது. கோரை.

6. காம்பஸ் முனையால் அதன் அடியை நோண்டத் தொடங்கினேன். "இன்னா மேடம், சாம்பிளுக்கே களை எடுக்கறீங்க?" என்று கான்ட்ராக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் கிழங்கு கைக்கு வரும்வரை விடவில்லை.

இதற்குமேல் எண் போட முடியவில்லை. எதையும் வரிசையில் வைத்துப் பழகியவள்தான் நான். இந்த வாசனைக்கு அந்தப் பழக்கம் இல்லை.

கோரையை இழுக்கக் கூடாது. இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள் இருந்துகொண்டு, இரண்டு நாளில் மறுபடி தலைநீட்டும். களைக்கொத்தியால் கொத்தினால் புல்லில் பள்ளம் விழும். அதனால் அம்மா, அப்பாவின் பழைய குடையிலிருந்து ஒரு கம்பியைக் கழற்றி வைத்திருந்தாள். அதைக் குருத்தின் ஓரமாகச் செங்குத்தாக இறக்கி, லேசாகச் சாய்த்து நெம்பினால், கறுப்பாக, மொச்சைக்கொட்டை அளவில் கிழங்கு வெளியே வரும். கம்பி போன குடை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டே இருந்தது. மழைக்காலம் முழுவதும் அப்பா ஒரு தோள் நனைந்தபடி ஷிப்டுக்குப் போனார்.

எங்கள் வீடு சுங்குவார்சத்திரத்தைத் தாண்டி, பெங்களூர் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. அப்பா சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஆயுத பூஜையன்று மட்டும் குடும்பத்தோடு உள்ளே போகலாம். இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்து, பொரியும் சுண்டலும் கொடுப்பார்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்படிப் போன ஒரு வருஷம், அம்மா இயந்திரம் எதையும் பார்க்கவில்லையாம். மானேஜர் அறைக்கு வெளியே இருந்த புல்தரையின் ஓரத்தில் நின்றவள் நகரவே இல்லையாம். "பொரி ஆறிடப் போவுது, வா" என்று அப்பா கூப்பிட்டதாகவும், பொரி எப்போது சுட்டது என்று அம்மா கேட்டதாகவும் வீட்டில் ஒரு கதை உண்டு.

அடுத்த வாரம் அப்பா அங்கிருந்த தோட்டக்காரரிடம் கேட்டு ஒரு பிடி புல்லை வேரோடு வாங்கி, டிபன் கேரியரின் அடித்தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். கேட்டில் காவலாளி திறந்து பார்த்துவிட்டு, "இன்னாய்யா, உன் சம்சாரம் இதத்தான் கட்டிக் குடுக்குதா?" என்றாராம். அந்த ஒரு பிடியை இழை இழையாகப் பிரித்து, சாண் இடைவெளிக்கு ஒன்றாகச் சேற்றில் ஊன்றினாள் அம்மா, நாற்று நடுவது போலவே. மழைக்காலம் வந்து போனபோது அது வாசல் முழுக்கப் படர்ந்திருந்தது.

புல்தரையைப் பச்சையாகக் கிடக்கும் ஓய்வு என்று நினைப்பவர்கள் அதை வளர்த்திருக்க மாட்டார்கள். வெயில் ஏறுமுன் கிணற்றிலிருந்து இடுப்புக் குடத்தில் தண்ணீர். அதை அப்படியே கொட்டினால் வேர் அரித்துவிடும் என்று, அடியில் ஆணியால் ஓட்டை போட்ட டால்டா டின்னில் ஊற்றித் தெளிப்பாள். உதிரும் வேப்பிலையைத் துடைப்பத்தின் நுனி மட்டும் படும்படி பெருக்குவாள். வாரம் ஒருமுறை குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து அரிவாளால் அறுப்பாள். அறுத்து முடித்த இடத்தில் அவள் உட்கார்ந்த தடம்கூட இருக்காது. அப்பா தன் பங்குக்கு ஒரு தார் டிரம்மில் மணலை அடைத்து, நடுவில் கம்பி செருகி உருளை செய்திருந்தார். ஓ.டி. இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அதை இழுப்பார். எதிர்வீட்டுக்காரர் நின்று வேடிக்கை பார்த்து, "மாடு ஒண்ணு வாங்கிடலாம் சார், உங்களுக்கும் ரெஸ்ட்டு, புல்லுக்கும் வேல மிச்சம்" என்பார்.

அதன்மேல் யாரும் நடக்கக் கூடாது. வடாம் காயவைக்க இடம் கேட்டவர்களுக்கும் கிடையாது என்றுவிடுவாள். வழிதவறி வந்த ஆடுகளைத் தெருக்கோடி வரை விரட்டுவாள். ஒருநாள் கையில் மனுவோடு ஒருவர் வந்து, "தாசில்தார் உள்ள கீறாராம்மா?" என்று பணிவாகக் கேட்டார். முன்னால் புல்தரை இருந்தால் அது சர்க்கார் ஆபீசாகத்தான் இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. அம்மா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொன்னாள் என்று சொல்ல முடியாது. ஆனால் சொல்லவேண்டிய ஒருவரிடம் அவளால் சொல்ல முடியவில்லை. அவர்தான் மாமா.

மாமா அம்மாவின் ஒரே அண்ணன். வாலாஜாபாத் போகும் சாலையில், வண்டி கட்டினால் மத்தியானத்துக்குள் வந்து சேரும் தூரத்து ஊரில் நெல் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் மனை ஒருகாலத்தில் தாத்தாவின் வேர்க்கடலை நிலம். கல்யாணத்தின்போது அம்மாவுக்குக் கொடுத்தது. அதில் வீடு கட்டியதையே மாமா ரசிக்கவில்லை. மிச்ச இடத்தில் புல் வந்ததும் வருவதை நிறுத்திவிட்டார். "வேர்க்கல்ல வெளஞ்ச மண்ணுல புல்ல வளத்துக்கினு கீறா. வூட்ல ஒரு மாடுகூட இல்ல" என்று அவர் சொன்னது சந்தைக்குப் போனவர்கள் வழியாக எங்கள் வீடு வந்து சேர்ந்தது. பொங்கலுக்கு அண்ணன் வீட்டுச் சீர் வரவில்லை. அப்பா கடையில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கிவந்து வைத்தார். அம்மா அந்தக் கரும்பைக் கடிக்கவில்லை. மறுநாள் புல்லை மட்டும் இன்னும் கொஞ்சம் ஒட்ட அறுத்தாள்.

இப்போது யோசித்தால், அவளுக்கு இரண்டுமே வேண்டியிருந்தது என்று தெரிகிறது. அண்ணன் வீட்டுக்கு வரவேண்டும். வந்து அந்தப் புல்லைப் பார்க்கவும் வேண்டும்.

நான் நாலாவதோ ஐந்தாவதோ படித்த வருஷம், வைகாசியில் மாமா வந்தார். ஏரி வற்றிக் கிடந்தது. ஏரியின் அடியில் படிந்த வண்டல் மண்ணை வெட்டி வயலுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள் எல்லோரும். எங்கள் வாசலில் மாட்டு மணி கேட்டது. வண்டி நிறையக் கறுப்பு மண், அதன்மேல் மாமா.

"வண்டல் அடிச்சோம். ஒரு நட மிச்சம்" என்றார், யாரையும் பார்க்காமல். "சரி, உன் புல்லுக்குப் போட்டாதான் இன்னா கெட்டுடப் போவுதுன்னு ஓட்டியாந்தேன்."

"உள்ள வா அண்ணே. தண்ணி குடி."

"மாட்ட அவுக்கணும். உன் புல்ல மேஞ்சிடப் போவுது."

"மேஞ்சா மேயட்டும்" என்றாள் அம்மா.

அன்று மாலை ஷிப்ட் முடிந்து வந்த அப்பா குவியலைப் பார்த்தார். ஒரு கை அள்ளி முகர்ந்தார். "நல்ல மண்ணு. சலிச்சிப் போட்டுடலாம், கல்லு கில்லு கெடக்கும்" என்று சுவரில் மாட்டியிருந்த மணல் சல்லடையை எடுத்தார்.

"எங்கண்ணன் கொணாந்ததயா சலிக்கறது?" என்றாள் அம்மா. "அரிசில கல்லு பொறுக்கறாப்போல? அவரு காதுக்குப் போனா இன்னா நெனைப்பாரு? இப்பத்தான் வாசப்படி ஏறிக்கீறாரு."

அப்பா சல்லடையைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

வண்டல் போட்ட புல் கொஞ்ச நாளைக்குக் கரும்பச்சையாக, மினுமினுவென்று இருந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே சோறு வடித்துக் கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டாள். பிறகு முதல் கோரை வந்தது. ஏரி மண்ணில் கிழங்கு இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல; அவளும் களை எடுத்து வளர்ந்த பெண்தான். வயலில் அதை உழுது, தண்ணீர் கட்டி அழுக வைத்துவிடுவார்கள். புல்தரையை உழவும் முடியாது, தண்ணீர் கட்டவும் முடியாது. ஒரே வழி குடைக்கம்பி.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் வேலை அவளுக்கு எதிரே உட்கார்ந்து கிழங்கைக் கிண்ணத்தில் சேர்ப்பது. கோரைக்கிழங்குக்கு நல்ல வாசனை உண்டு, தெரியுமா? குளியல் பொடியில் போடுவார்கள். வீணாக்குவானேன் என்று அம்மா அதைக் காயவைத்து, பயறோடும் கஸ்தூரி மஞ்சளோடும் சேர்த்து அரைத்தாள். அந்த வருஷம் முழுவதும் நான் கோரை மணத்தோடு பள்ளிக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண் என்னைக் கல்யாணப் பொண்ணு என்று கூப்பிட்டாள்.

மாமா இப்போது சந்தைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார். கோரை, புல்லைவிட வேகமாக வளரும். ஆனால் காலையில் அறுத்தால் அன்று மாலை வரை சமமாகத்தான் தெரியும். அதனால் சந்தை நாள்களில் அம்மா விடியற்காலையிலேயே அறுத்து வைத்துவிடுவாள். மாமா சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு கேட்பார்:

"வண்டலு நல்லா புடிச்சிதா?"

"நல்லா புடிச்சிது அண்ணே."

"சொன்னேன்ல. அடுத்த கோடைக்கு இன்னொரு நட அடிச்சிடறேன்."

அவர் போனதும் அப்பா அம்மாவைப் பார்ப்பார். அம்மா அப்பாவைப் பார்க்கமாட்டாள்.

அவர் சொன்ன சொல் தவறாதவர். அடுத்த கோடையில், சந்தை நாள் அல்லாத ஒரு நாள், முன்னறிவிப்பில்லாமல் வண்டியோடு வந்து நின்றார். அம்மா புல்லின் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் கம்பி, பக்கத்தில் கிண்ணம், சுற்றிலும் அறுக்காத கோரை ஈட்டி ஈட்டியாக. அவள் கம்பியைப் புடவை மடிப்புக்குள் தள்ளியதை நான் பார்த்தேன். மாமாவும் பார்த்திருப்பார்.

"இன்னா பண்றே?"

"பாப்பாவுக்குக் குளிக்கப் பொடி அரைக்கணும் அண்ணே. கோரக்கெழங்கு வேணும்ல."

"அதுக்காவ வளக்கறியா?"

"ஆமா."

மாமா வண்டியை விட்டு இறங்கினார். கதிர் முற்றிய வயலைப் பார்ப்பதுபோல, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிதானமாகப் பார்த்தார்.

"நல்ல மகசூலு" என்றார்.

அம்மா தலை நிமிரவில்லை. மாமா என் பக்கம் திரும்பினார். "பாப்பா, உங்கப்பன் சல்லட ஒண்ணு மாட்டி வெச்சிருப்பானே, அத்த எடு."

"வேணாம் அண்ணே, உட்டுடு. ரோட்ல போறவங்க யாராச்சும் பாத்தா..."

"நீ போயி ஒல வெய்யி."

வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி, சட்டையைக் கழற்றி நுகத்தடியில் போட்டுவிட்டு, தான் கொண்டுவந்த மண்ணைத் தானே சலிக்க ஆரம்பித்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்குக் கையை மட்டும் அசைத்தார். ஒரு பக்கம் மாவு மாதிரி மண் குவிந்தது. சல்லடையில் தங்கியதை இன்னொரு பக்கம் கொட்டினார்: கிளிஞ்சல், ஓட்டாஞ்சல்லி, கறுப்பாக உருண்டை உருண்டையாகக் கிழங்கு. முடித்ததும் கிழங்கை மட்டும் பொறுக்கி இரு கையிலும் அள்ளிக்கொண்டு வந்து அம்மாவின் முன்னால் நின்றார்.

"இந்தா. பொடி அரச்சிக்கோ."

அம்மா முந்தானையை ஏந்தினாள்.

பிறகு மாமா செருப்பை ஓரத்தில் கழற்றிவிட்டு, முதல்முறையாகப் புல்லுக்குள் கால் வைத்தார். பெருவிரலால் அங்கங்கே அழுத்திப் பார்த்தார். "கெழக்கால தண்ணி நிக்கிது பாரு. வாட்டம் சரியில்ல" என்றார். வயலைப் பற்றித்தான் அவர் அப்படிக் குறை சொல்வார். அன்று அம்மா அவருக்குச் சோறு போட்ட வேகத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அதன்பின் சந்தை நாள்களில் மாமா சைக்கிளை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார். குடையில் இன்னொரு கம்பியும் போயிற்று. எதிரும் புதிருமாகக் குத்துக்காலிட்டு அண்ணனும் தங்கையும் கோரை எடுப்பார்கள். பேச்சு தாத்தாவின் வியாதியிலிருந்து மணிமங்கலத்துப் பெண் சம்பந்தம் வரை எங்கெங்கோ போகும். கோரை ஒழியவே இல்லை. ஒரேயடியாக ஒழிந்திருந்தால் மாமா அத்தனை தடவை வந்திருப்பாரா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அம்மாவிடம் கேட்டதில்லை.

மாமா போய்ச் சில வருஷம் ஆகிறது. அவர் இறந்த அந்தக் கோடையில் அம்மா அரிவாளை எடுக்கவில்லை. கிணற்றிலும் தண்ணீர் கீழே போய்விட்டது. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் முன்பக்கம் முழுவதும் சிமெண்ட் போட்டு, ஒரு லேத் பட்டறைக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்.

இப்போதைய நிலை இதுதான். புல்தரை இல்லை. சல்லடை துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. டிரம் உருளை, பட்டறைக்கு வரும் வண்டிகளுக்குச் சக்கரத்தடையாகக் கிடக்கிறது. தளத்தில் கிழக்கு ஓரமாக ஒரு விரிசல் விட்டிருக்கிறது. மழை பெய்தால் அதில் கோரை வருகிறது. பட்டறை ஆட்கள் யாராவது பிடுங்கப் போனால், "அது கெடக்கட்டும், உட்டுடு" என்கிறாள் அம்மா.