சலுகை நேரமும் ஒரு சில்வர் டம்ளரும்

சலுகை விலையில் சாப்பாடு என்று பலகை வைத்திருக்கும் கடைக்குள் பசியோடு நுழையக் கூடாது என்பதே என் தொழிலின் முதல் விதி. பசித்தவள் தீர்ப்புச் சொன்னால் எல்லா வடையும் நல்ல வடைதான்.

விழுப்புரத்திலிருந்து வெளிவரும் ஒரு விளம்பர வார இதழில், மாலை நாலு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையே சலுகை தரும் உணவகங்களைத் தேடிப் போய்ச் சாப்பிட்டு, எது நல்லது, எது ஏமாற்று என்று என் பெயரிட்டு எழுதுவது என் வேலை. பொருளியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவள் இதற்கா படித்தாள் என்று என் தாய் கேட்பதுண்டு. இதற்குத்தான் படித்தேன். ஒருவர் ஒரு பொருளை மலிவாகத் தருகிறேன் என்றால் ‘ஏன்?’ என்று கேட்பதைத் தவிரப் பல்கலைக்கழகம் எனக்கு உருப்படியாக வேறெதையும் கற்றுத்தரவில்லை.

அலுவலகம் விட்டு, அடுத்த பேருந்துக்கு முக்கால் மணி நேரம் இருக்க, பலகையை நம்பி உள்ளே போய் வயிறும் மனமும் கெட்டு வெளியே வந்தவர்களே, நானும் உங்கள் கட்சி. ஆனால் ஒன்றை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் எழுதிய ஒற்றை வரி திண்டிவனத்தில் ஒரு பெண்ணின் மாலை வியாபாரத்தைச் சாய்த்துவிட்டது. அந்த வரியை ஏன் எழுதினேன் என்பது புரிய வேண்டுமானால், அதற்கு முன் நான் தின்ற வடைகளைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாடி எங்கே?

விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், சுத்தமான சைவக் குடும்ப உணவகம் ஒன்று ‘ஹேப்பி ஹவர்ஸ், நாலு டு ஏழு’ என்று வண்ண விளக்குப் பலகை வைத்தது. அந்தச் சொல்லை உரிமையாளர் புதுச்சேரியில் எங்கோ பார்த்து எடுத்து வந்திருக்கிறார். புதுச்சேரியில் அந்தப் பலகை தொங்கும் மாடிக் கடைகளில் என்ன ஊற்றிக் கொடுப்பார்கள் என்பதை அவர் விசாரிக்கவில்லை.

நான் சப்பாத்தி குருமாவை ஆராய்ந்துகொண்டிருந்தபோது மூன்று பேர் வந்தார்கள். சுவரைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். கை கழுவப் போன ஒருவர் சரக்கறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வாடிய முகத்துடன் திரும்பினார். திருட வந்தவர்கள் என்று நான் சந்தேகப்பட்டேன். சூப்பர்வைசரும் அப்படியே நினைத்து அவர்கள் பின்னாலேயே நடந்தார். கடைசியில் மூவரில் மூத்தவர், கையில் நோட்டோடு இருந்த என்னைக் கடைக்காரி என்று எண்ணிக் குனிந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: “ஏம்மா, கோலியனூர்லருந்து பஸ்ஸு புடிச்சி வந்துக்கினு இருக்கறோம். சப்பாத்தியெல்லாம் அப்புறம் துன்றோம், மொதல்ல மாடி எங்கன்னு காட்டுங்க.”

அடி கனத்த கிளாஸ்

இன்னொரு கடையில் மாலையில் டீ வாங்கினால் பஜ்ஜி இலவசம். நான் எந்தக் கடைக்கும் இரண்டு முறை போவேன். சலுகை இல்லாத வேளையில் ஒரு முறை, சலுகை வேளையில் ஒரு முறை. இரண்டு வேளையும் கண்ணாடி கிளாஸின் உயரம் ஒன்றாகத்தான் இருந்தது. டீ மட்டும் மாலையில் சீக்கிரம் தீர்ந்தது. மறுநாள் வீட்டிலிருந்து ஒரு சில்வர் டம்ளர் கொண்டுபோய் ஊற்றிப் பார்த்தேன். காலை டீ விளிம்பைத் தொட்டது. மாலை டீ இரண்டு விரற்கடை கீழே நின்றது. மாலை கிளாஸுக்கு அடி கனம். அன்று முதல் அந்த டம்ளர் என் கைப்பையை விட்டு இறங்கவில்லை.

நான் ஊற்றி அளப்பதைக் கண்ட முதலாளி, உணவுப் பாதுகாப்பு அதிகாரி என்று முடிவு செய்து ஒரு தட்டில் முந்திரிப் பக்கோடா அனுப்பினார். வார இதழ்க்காரி என்று தெரிந்ததும் பக்கோடா வந்த வழியே திரும்பிப் போனது. பிறகு அவரே எழுந்து வந்தார். “கிளாஸ் எங்களுது, டீ எங்களுது, பஜ்ஜி எங்களுது. சந்தேகம் ஒன்னுதான் மேடம் உங்களுது, அத நீங்களே வச்சிக்கோங்க.”

இரண்டாம் குளியல்

மதியம் விற்காத வடை மாலையில் எங்கே போகிறது என்று நீங்கள் யோசித்ததுண்டா? நான் யோசித்தேன். ஒரு கடையில் மதியம் இரண்டு மணிக்கு, தட்டில் மீந்திருந்த மெதுவடைகளில் ஒன்று பிறை போல வளைந்து ஒரு பக்கம் வெடித்திருந்ததை முகம் மனதில் பதியப் பார்த்து வைத்துக்கொண்டேன். நாலரை மணிக்கு, ‘சூடான வடை, சலுகை விலையில்’ என்று என் இலைக்கு வந்தது அதே பிறை, அதே வெடிப்பு. நிறம் மட்டும் மாநிறத்திலிருந்து கறுப்புக்கு மாறியிருந்தது.

அடுப்படிக்குள் போய்ப் பார்த்தேன். மாஸ்டர் மதியத்து வடைகளை மறுபடியும் எண்ணெயில் இறக்கிக்கொண்டிருந்தார். அடுப்படியைக் கண்ணால் பார்க்காமல் எந்தக் கடைக்கும் நற்சான்று எழுதுவதில்லை என்ற விதியை அன்றுதான் வகுத்தேன். மாஸ்டரோ கரண்டியைக் கீழே வைக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. “காத்தால குளிச்சவன் சாயந்தரம் இன்னொரு தபா குளிச்சா சுத்தந்தானக்கா, அதுக்கு ஏன் பேஜார் பண்றீங்க?”

கல்லா நேரம்

திண்டிவனத்துப் புறவழிச் சாலையில் ஒரு பெரிய உணவகம். ஆறு மணி வரை சலுகை. என் கைப்பேசியில் ஐந்தே முக்கால், அவர்கள் சுவர்க் கடிகாரத்தில் ஆறு ஐந்து. என் முன்னால் மூன்று பிள்ளைகளோடு நின்ற ஒரு தகப்பனார் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றியே காட்டினார். கல்லாவில் இருந்தவர் அதை வாங்கிப் பார்த்து, நல்ல கடிகாரம் என்று பாராட்டித் திருப்பிக் கொடுத்தார். “ஊரு டைம் வேற, கல்லா டைம் வேறங்க. சாப்படறது எங்க கடையிலதான?”

மூடிய கதவு

இத்தனையும் தின்று செரித்த பிறகுதான் பிலோமினாவின் கடைக்குப் போனேன். பெயரை மாற்றியிருக்கிறேன், கடை இருக்கும் சாலையைச் சொல்லப் போவதில்லை, தேட வேண்டாம். திண்டிவனத்தின் விளிம்பில், தகரக் கூரை போட்ட சிறிய கடை. மாலை நாலு மணி முதல் ஆறு மணி வரை ஒரு கேப்பை அடை வாங்கினால் இன்னொன்று இலவசம். முருங்கைக்கீரை தாராளமாகக் கிடந்தது, ஓரம் மொறுமொறுப்பாக இருந்தது, கூடவே மல்லாட்டைச் சட்னி; வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அடை நன்றாக இருந்ததே எனக்கு முதல் சந்தேகம். வழக்கம்போல் டம்ளரை எடுத்து வைத்து டீயை அதில் ஊற்றச் சொன்னேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க பிலோமினா அந்த டம்ளரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு ஊற்றினார். அளவு சரியாக இருந்தது.

தோசைக்கல் முன்புறம், மாவு வருவது பின்னால் இருக்கும் அடுப்படியிலிருந்து. அடுப்படியின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பெண்கள் சிரிக்கும் ஒலியும் கேட்டது. பழைய மாவில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று என் அறிவு உடனே கண்டுபிடித்தது. பத்துப் பேர் காதில் விழும்படி, அடுப்படியைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் அடையைத் திருப்பிப் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “இப்ப முடியாதும்மா. அஞ்சி மணிக்கு மேல வாங்க, அடுப்படி எங்கயும் ஓடிப் போயிடாது.”

நோட்டுக்குள் இடமில்லை

ஐந்து மணிக்குள் எல்லாவற்றையும் மறைத்துவிடுவார்கள் என்று எண்ணி நான் போகவில்லை. ‘அடை அருமை, ஆனால் சலுகை நேரத்தில் அடுப்படிக் கதவைச் சாத்தி வைக்கும் கடைக்கு நான் சான்று தருவதில்லை’ என்று எழுதினேன். வரியின் முன்பாதியை யாரோ வெட்டிவிட்டு, பின்பாதியை மட்டும் வாட்ஸ்அப் குழுக்களில் ஓட விட்டார்கள். மூன்று வாரம் கழித்து மாலையில் அந்த வழியே போனபோது, கூட்டம் முட்டும் நேரத்தில் தோசைக்கல் ஆறிக் கிடந்தது. பிலோமினாவின் கழுத்துச் சிலுவையும் அவர் வரும் தெருவும் ஊரில் சிலருக்கு ஏற்கெனவே உறுத்திக்கொண்டுதான் இருந்தன. நாகரிகமாகச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் மட்டும் குறைவாக இருந்தது. அதை நான் அச்சடித்துக் கொடுத்துவிட்டேன்.

பெஞ்சில் அஞ்சலை என்ற பெண் மட்டும் உட்கார்ந்திருந்தார். பிரம்மதேசம் பக்கம் மல்லாட்டை பிடுங்கப் போகும் கூலிப் பெண்களில் ஒருவர். அவர் சொல்லித்தான் விவரம் தெரிந்தது. லோடு ஆட்டோ அவர்களை நாலு மணிக்கு அங்கே இறக்கிவிடும். டவுன் பஸ் ஏறுவதற்கு முன் மண்ணைக் கழுவிச் சேலை மாற்ற, அந்தச் சாலையில் ஒரு பெண்ணுக்குக் கதவுள்ள இடம் அந்த அடுப்படி ஒன்றுதான். இலவச அடையும் அவர்களுக்காகத்தான்; ஒன்றை அங்கேயே தின்பார்கள், ஒன்றைப் பிள்ளைகளுக்கு எடுத்துப் போவார்கள். ஊர்க்கூட்டமும் வந்து வாங்கியதால் அது கட்டுப்படியாயிற்று. இனி எத்தனை நாள் தாங்கும் என்பது தெரியாது. நானோ சொந்த நிலத்தில் மல்லாட்டை போடும் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் கொல்லையில் பிடுங்க வந்த பெண்கள் எங்கே சேலை மாற்றினார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கதவைத் திறந்து வைத்திருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காதே என்று, அப்போதும் விடாமல், முனகினேன். அஞ்சலை என் கையைப் பார்த்தார். “கதவத் தொறந்துட்டா நாங்க எங்க சீல மாத்தறது, உன் நோட்டுக்குள்ளயா?”

பார்க்காமல்

திருத்தம் போட வேண்டும் என்றேன். வாரா வாரம் மன்னிப்புக் கேட்டால் யார் விளம்பரம் தருவார்கள் என்று எங்கள் ஆசிரியர் புலம்பினார். வேலையை விட்டுவிடுவேன் என்று சொன்ன பிறகு பெட்டிச் செய்தியாகப் போட இசைந்தார். அடுப்படி சுத்தமாக இருக்கிறது என்று கண்ணால் கண்டு எழுதுவதுதான் முறை என்று, ஐந்து மணிக்கு மேல் பிலோமினாவிடம் போய் நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர் நிலைப்படியின் குறுக்கே வந்து நின்றுகொண்டார். “பாக்காமத்தான எழுதின? பாக்காமலே மாத்தி எழுது. கதவு ஏன் சாத்தியிருந்துச்சின்னும் எழுதாத. அப்பறம் நாலு மணியானா வேற கூட்டம் வந்து கதவப் பாத்துக்கினு நிக்கும்.”

என் விதியை நானே உடைத்தேன். ‘நான் பார்க்காத ஓர் அடுப்படியைச் சந்தேகித்து எழுதினேன். ஆதாரம் இல்லை. பிழை என்னுடையது. அடை அருமை’ என்று, கடையின் பெயரோடும் என் பெயரோடும் அச்சிட்டோம். அதை எந்த வாட்ஸ்அப் குழுவும் அனுப்பவில்லை. ஆகவே வாரத்தில் மூன்று நாள், நாலரை மணிக்கு, சாலையைப் பார்த்தபடி அந்த பெஞ்சில் உட்கார்ந்து ஊரறிய அடை தின்றேன். என் முகம் தெரிந்த சிலர் நின்று விசாரித்தார்கள். விசாரித்தவர்களில் சிலர் வாங்கினார்கள். பாதிக் கூட்டம் திரும்பி வந்தது. மீதிப் பாதி அடுப்படியைப் பற்றி ஒருபோதும் கவலைப்பட்டதில்லை என்பது என் உறுதியான சந்தேகம். இலவச அடை நிற்கவில்லை. கடைக்குப் பின்னால் இப்போது சுவர் வைத்து ஒரு குளியலறையும் கட்டியாகிவிட்டது; அதனால்தான், பிலோமினாவைக் கேட்டுக்கொண்டு, இத்தனையும் சொல்கிறேன்.

அப்படித் தின்னத் தொடங்கிய முதல் நாள், டீ கேட்டதும் பழக்க தோஷத்தில் கை பைக்குள் போய் டம்ளரை எடுத்து வைத்துவிட்டது. இந்த ஊரில், அப்படிப்பட்ட ஒரு கடையில், என்னைப் போன்ற குடும்பத்தவள் தனி டம்ளரோடு வந்து உட்கார்ந்தால் அதற்கு என்ன பொருள் என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த நொடி வரை அதை என்னோடு சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை. பிலோமினா கடைக் கிளாஸில் டீயை ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். “அத உள்ள வையிம்மா. மொத நாளே அதப் பாத்துட்டுத்தான், உன்ன கதவாண்ட வுடக் கூடாதுன்னு முடிவு பண்ணேன்.”

இன்றும் எல்லாக் கடைகளிலும் என் சில்வர் டம்ளரை எடுத்து வைத்து டீயை அளக்கிறேன். அந்த ஒரு கடைக்கு மட்டும் அதை அலுவலக மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறேன், ஏனெனில் அங்கே அளவு குறைவாக இருந்தது நான்தான்.