என் பிடி, அவன் எறி

என் தம்பி கோடைகால பேஸ்போல் லீக்கில் சம்பளம் வாங்கி விளையாடிய அவுட்பீல்டர். மைதானத்தின் கடைசியில், வேலியோரமாக நின்று, உயர வரும் பந்துகளை ஓடிப் பிடிக்கிறவன். அந்த இடம் எனக்கு வரவேண்டியது. இதை நான் இன்றைக்கும் சொல்வேன், கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

இந்த நாட்டுக்குப் படகில் வந்து, தற்காலிக விசாவோடு இருவரும் ட்ருகனினா என்கிற புறநகரில் ஒரே வெயர்ஹவுசில் வேலைக்குச் சேர்ந்தோம். கூட வேலை செய்த சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ்போல் விளையாடினார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். ஊரில் கிரிக்கெட்டில் பவுண்டரியில் நின்று வெறுங்கையால் பிடித்துப் பழகியவர்களுக்கு, கிளவுஸ் போட்டுப் பிடிப்பது என்ன பெரிய வேலை? அதிலும் தம்பியைவிட நான்தான் கெட்டிக்காரன். அவனே அப்படித்தான் சொல்லித் திரிந்தான்.

இரண்டாவது வருடம், கடைசி ஆட்டத்தைப் பார்க்க கோடைகால லீக் அணி ஒன்றின் கோச் வந்திருந்தார். அவருக்கு ஒரேயொரு அவுட்பீல்டர் தேவை என்று எல்லாருக்கும் தெரியும்.

எதிரணிக்காரன் அடித்த பந்து ஒன்று வேலியைத் தாண்டப் பார்த்தது. திரும்பி ஓடினேன், பாய்ந்தேன், பந்து கிளவுசுக்குள் வந்து இருந்தது. வாழ்நாளில் அப்படி ஒன்று நான் பிடித்ததில்லை. சந்தோஷத்தில் பந்தை வானத்துக்கு எறிந்துவிட்டேன். கிரிக்கெட்டில் பிடித்தால் ஆள் அவுட், அதோடு பந்துக்கு வேலை முடிந்தது. பேஸ்போலில் அப்படியில்லை. பிடித்த பிறகும், மூன்றாவது பேஸில் நிற்கிற எதிரணி ஆள், கடைசி பேஸான ஹோமுக்கு ஓடிப்போய் ஓட்டம் எடுக்கலாம். எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். பாழாய்ப்போன கைக்குத்தான் தெரியவில்லை.

அன்றைக்கு மூன்றாவது பேஸில் நின்ற ஆளும், பந்து எப்படியும் விழும் என்று நம்பி, பாதி வழி வந்துவிட்டான். சட்டப்படி திரும்பிப் போய் பேஸைத் தொட்டுவிட்டுத்தான் அவன் மறுபடி ஓட வேண்டியிருந்தது. அதற்குள், எனக்குத் துணையாகப் பக்கத்திலிருந்து ஓடிவந்த தம்பி, நான் எறிந்த பந்தை நிலத்தில் விழுமுன் பறித்து, ஆள் வந்து சேருமுன் ஒரே எறியில் ஹோம் பேஸுக்கு அனுப்பினான். ஆள் அவுட்.

கோச் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். எல்லாரும் அந்த எறியைப் பற்றியே கதைத்தார்கள். பிடியைப் பற்றி ஒருத்தரும் மூச்சுக் காட்டவில்லை. சில நாட்களில் தம்பிக்கு ஒப்பந்தம் வந்தது.

லீக்கில் கொடுக்கிற சம்பளம் சீவிக்கக் காணாது. அதனால் வெயர்ஹவுஸ் வேலையையும் அவன் விடவில்லை. பேர்த், அடிலெய்ட் என்று அவன் விளையாடப் பறந்தால், அவனுடைய ஷிப்டை நான்தான் செய்ய வேண்டும். துரை அங்கே வெயிலில் நின்று பந்து பிடிப்பார், நான் இங்கே அவருடைய பெட்டிகளை ஏற்றுவேன். எரியுமா, எரியாதா? கோயிலில் அன்ரிமார் என்னை மறித்து, பேஸ்போல் விளையாடுகிற பிள்ளையின் அண்ணாவா என்று கேட்பார்கள். அவர்களுக்கு அந்த விளையாட்டின் தலையும் தெரியாது, காலும் தெரியாது. ஓம் என்று பல்லைக் காட்டிவிட்டு வருவேன். அவனுடைய ஆட்டங்களை போனில் பார்ப்பேன். அவன் ஒரு பந்தைத் தவறவிட்டால் அன்றைக்குத் தேத்தண்ணீர் தனியாக இனிக்கும்.

இந்தக் கோடையில் அவனுடைய தோள் போய்விட்டது. இனி வேண்டாம் என்று அணியில் சொல்லிவிட்டார்கள். கூட்டிவர நான்தான் போனேன். காருக்குள் ஏறியதும் சின்னப்பிள்ளைபோல் விம்மி விம்மி அழத் தொடங்கினான்.

"அந்த வேலியடியை விட்டா எனக்கு வேற ஒண்டும் தெரியாதண்ணா," என்றான். "இனி நான் என்னத்தைச் செய்யிறது?"

இந்த நாளுக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன். வந்துவிட்டது. ஆனால் வயிறு குளிரவில்லை, முன்னையைவிடக் கூடத்தான் எரிந்தது. அவனுக்கு வாய்விட்டு அழ முடிகிறது, பக்கத்தில் தோளைத் தடவ ஒரு அண்ணன் இருக்கிறான். அதே இடத்தை நான் இழந்த அன்று, எல்லாரோடும் சேர்ந்து நின்று அவனுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தேன்.