இல்லாத பாதம்

சிப்பாய் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனதும், பட்டாளம் ஊன ஓய்வூதியம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. மனுஷன் முடங்கிவிடவில்லை. கட்டைக்காலை மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி லிஃப்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தலை நரைக்கும்வரை ஆட்களை ஏற்றி இறக்கினார். சமூகக் காப்பீட்டுக்காக அவர் சம்பளத்திலும் மாதாமாதம் பிடித்தார்கள்.

பிறகுதான் இல்லாத பாதம் வலிக்கத் தொடங்கியது. கட்டைவிரலை யாரோ பிடித்துத் திருகுவார்கள். லிஃப்ட் பாதி வழியில் போகும்போது அலறிவிடுவார். உள்ளே இருக்கும் நோயாளிகளுக்கு ஈரக்குலை நடுங்கும். வேலை போயிற்று.

பாதம் இருந்திருக்க வேண்டிய வெற்றிடத்தில் மனைவி எண்ணெய்க் கையால் நீவிவிடுவாள். “இருந்தப்போகூட இந்தக் காலுக்கு இவ்வளவு ராங்கி இல்ல,” என்று கிண்டலும் செய்வாள். பைத்தியக்கார வேலைதான். ஆனால் வலி குறைந்தது. ஒருநாள் நீவிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

“ஏங்க, கையில சூடா படுது.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

தொழிற்சங்கச் செயலாளர்தான் வழி சொன்னார். “பட்டாளம் குடுக்கிறது போன காலுக்கு. காப்பீடு குடுக்கிறது வேலை செய்ய முடியாததுக்கு. அது வேற, இது வேற. ரெண்டையும் சேத்தே வாங்கலாம். ஆனா வலி நெஜம்தான்னு அவங்க டாக்டர் எழுதணும்.”

பட்டாளத்துப் பணம் வாடகைக்கே சரியாகப் போனது. இது கிடைக்காவிட்டால் அடுப்பு எரியாது.

பரிசோதனை நாளன்று கண்விழித்தால், வலி இல்லை. துளிகூட இல்லை. டாக்டரிடம் எதைக் காட்டுவது? போகும் வழியெல்லாம் மனைவி பின்தங்கியே வந்தாள். கேட்டதற்குச் செருப்பு கடிக்கிறது என்றாள்.

டாக்டரம்மா அவர் முன்னால் குனிந்து, கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் காற்றைக் கிள்ளிக் காட்டினார். “இங்கயா வலிக்குது?”

பின்னாலிருந்து “அம்மா!” என்று அலறல். மனைவி தன் இடது பாதத்தைப் பிடித்தபடி நாற்காலியில் சரிந்திருந்தாள்.

“சுளுக்குங்க டாக்டர். நீங்க அவரைப் பாருங்க.”

அவள் கட்டைவிரல் தானாகவே திருகிக்கொண்டிருந்ததைச் சிப்பாய் பார்த்தார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவரை, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முறைத்தாள்.

“வலிக்குதுங்க,” என்றார். குரல் உடைந்தது. டாக்டரம்மா நம்பிவிட்டார்.

இரண்டு பணமும் சேர்ந்தே வந்தது. “வலியை எனக்கே திருப்பிக் குடுத்துடு,” என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ முறை அழுதிருக்கிறார். “பேசாம படுங்க,” என்பாள்.

அவள் செத்துப்போனதும், இனி அது தன்னிடம்தான் வந்தாக வேண்டும் என்று காலை நீட்டிக் காத்துக்கிடந்தார். வரவில்லை. பாவி, அதையும் கையோடு கொண்டுபோய்விட்டாள்.