பெயர் எழுதாத தாள்

ரெஜினா மேடம் இறந்த செய்தி எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப்பூ படத்தோடு வந்தது. அடியில் வரிசையாகக் கும்பிடும் கைகள். அவர் பணியில் இருந்தவரை மைக்ரோஸ்கோப்புக்கு ஒரு பல்பு மாற்றித் தராத கைகளும் அதில் இருந்தன. என் கையும் இருந்தது.

தாவரவியல் துறையில் இருபது ஆண்டுகள் அவருடையது எனக்கு அடுத்த மேசை. பூச்செடிகளின் குரோமோசோம்களை எண்ணி, எது எந்த இனம் என்று பிரித்துச் சொல்வார். செடி தேடி அஞ்செட்டி மலைக்குப் போகப் பஸ் இல்லாவிட்டால் பால் வண்டியில் ஏறிப் போவார். திரும்பும்போது சேலையெல்லாம் ஒட்டுப்புல், முகமெல்லாம் சிரிப்பு.

ஒருமுறை ஓசூருக்கு வெளியே ஒரு சரிவிலிருந்து ஒரு சிறு செடியை எடுத்துவந்தார். அதன் உறவுச் செடிகளுக்கெல்லாம் பதினாறு குரோமோசோம், இதற்குப் பதினெட்டு. "புது இனம்னு எழுதிடுங்க மேடம்" என்றேன்.

"ஒரே ஒரு செடிய எண்ணிட்டு எப்படிங்க சார் சொல்றது? அதுக்கு மட்டும் ஏதாச்சும் கோளாறா இருந்தா?"

அடுத்த மழைக்கு அங்கே அதே வகையின் மற்ற செடிகள் மொட்டு வைத்தன. இரண்டு நாள் விடுப்பு கேட்டார். துறைத்தலைவர் நான். தேர்வு மேற்பார்வைக்கு ஆளில்லை என்று மறுத்தேன்.

"மொட்டு விரிஞ்சிட்டா எண்ண முடியாதுங்க சார்."

"அடுத்த வருஷம் பூக்காமயா போயிடும்?" என்றேன், பெரிய மனுஷத்தனமாக.

தேர்வு முடிந்த மறுநாளே ஓடினார். கிடங்கு கட்டுவதற்காக ஜேசிபி அந்தச் சரிவை மொட்டையடித்திருந்தது. செம்மண் அப்பிய செருப்போடு வந்து என் முன்னால் நின்றார். "எக்ஸாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதன்பின் ஒவ்வொரு மழைக்கும் தேடினார். இன்னொரு செடி கிடைக்கவே இல்லை.

இரங்கல் கூட்டத்தில் கல்லூரி முதல்வர், அந்தச் செடிக்கு ரெஜினா மேடம் பெயரையே வைக்கலாம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து கூடாது என்றேன்.

"செத்தவங்களுக்கு இதுகூட செய்யக் கூடாதா சார்?" என்று ஒருவர் சீறினார்.

"ஒரு செடி போதாதுன்னு அவங்களே சொன்னாங்க. இன்னொன்ன எண்ண விடாதது நான்" என்றேன். அதற்கு யாரும் கைதட்டவில்லை.

அந்த ஒற்றைச் செடியை உலர்த்தி ஒட்டிய தாள் என்னிடம் இருக்கிறது. இடம், நாள், பூவின் நிறம் எல்லாம் அவர் கையெழுத்தில். பெயர் என்ற இடம் மட்டும் காலி. அவர் அதை நிரப்பாமல் வைத்தது நேர்மையால். அது நிரம்பாமலே போனது என்னால்.