விறகுச்சூளை எதிர் டிகிரி1300

மண் பிசைகிறவர்களுக்குக் கை சும்மா இருக்காது என்பது ஊருக்கே தெரியும். வாயும் சும்மா இருக்காது என்பது, அவர்களுக்காக இணையத்தில் ஒரு குழு ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தட்டாஞ்சாவடியில் சின்னதாக ஒரு ஷெட் போட்டு, கோப்பையும் தட்டும் செய்து விற்றுக்கொண்டிருந்தேன். முகநூல் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். மின்னஞ்சல் குழுக்கள்தான் எல்லாம். ஒருவர் எழுதினால் அத்தனை பேருக்கும் போகும். அத்தனை பேரும் பதில் எழுதினால் நாம் தொலைந்தோம். நீங்களும் எப்போதாவது இப்படி ஒரு குழுவுக்கு மட்டுறுத்துநராக, அதாவது எந்த மெயில் உள்ளே போகலாம், எது போகக்கூடாது என்று பார்க்கும் வாட்ச்மேனாக மாட்டியிருந்தால், வாருங்கள், என் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குத் தலைவலியோடு போயிருக்கும். எனக்கோ ஒரு பெண்ணின் கல்யாணமே கையில் வந்து சிக்கிக்கொண்டது.

கைப்பிடி ஏன் விரிசல் விடுகிறது?

முதலில் நான் சேர்ந்தது ஒரு வெளிநாட்டுக் குழுவில். என் கோப்பைகளின் கைப்பிடி காயும்போதே விரிசல் விட்டது. ஏன் என்று ஒரே ஒரு வரி கேட்டேன். மறுநாள் பெட்டி நிரம்பி வழிந்தது. தண்ணீர் என்றார் ஒருவர். காற்று என்றார் இன்னொருவர். உங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒரு அம்மாள் கேட்டார். கடல்மட்டத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பீச் ரோடுதான் இருக்கிறது என்று பதில் போட்டேன். கைப்பிடி ஒட்டும்போது மனம் சரியில்லையா என்றுகூட ஒருவர் விசாரித்தார். பிறகு என்னை மறந்துவிட்டு அவர்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். கடைசியில், கலகம் மூட்டவே வந்தவள் இவள், வெளியேற்றுங்கள் என்று ஒரு மெயில். கைப்பிடியைப் பற்றிக் கேட்டது ஒரு குற்றமா?

அன்றைக்கே, தமிழில் நமக்கென்று ஒரு குழு தொடங்கிவிடுவது என்று பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து முடிவெடுத்தேன். பின்னால் நின்று எட்டிப் பார்த்த சென்டர்காரர் சொன்னார்: "இங்க வர்றவங்க என்னென்னமோ பாக்குறாங்க. சட்டி படம் பாக்க காசு குடுக்கற ஒரே ஆளு நீங்கதான் மேடம்!"

பெயர் போட மாட்டேன்

குழு தொடங்கியதும் முதலில் வந்த மெயில், பொங்கலுக்கு மொத்தமாகப் பானை வேண்டும், வீட்டுக்கே கொண்டுவந்து தருவீர்களா என்று. அதை விடுங்கள். உருப்படியாகச் சேர வந்தவர்கள்கூடச் சொந்தப் பெயரைப் போட நடுங்கினார்கள். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் பீங்கான் பிரிவில் இன்ஜினியராக இருந்த சச்சிதானந்தம் போன் செய்து, கம்பெனிக்குத் தெரிந்தால் வம்பு என்றார். வீட்டு மொட்டை மாடியில் கேஸ் சூளை வைத்திருந்தவர் அவர். பீங்கான் வேகிற சூட்டையே எடுத்து, "டிகிரி1300" என்று பெயர் வைத்துக்கொண்டார்.

அடுத்து என் ஷெட்டுக்கே நேரில் வந்தார் தேவநாதன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷனோடு ஓய்வு பெற்ற சொல்தா. முத்தியால்பேட்டையில் வீட்டுக் கொல்லையில் விறகுச் சூளை கட்டி, பொழுது விடிந்தால் மண்ணும் கையுமாக இருப்பவர். கம்ப்யூட்டர் என்றால் கண் கூசும் என்பதால், அவர் சொல்லச் சொல்ல மகள் வித்யா டைப் அடிப்பதாக ஏற்பாடு. அந்தப் பெண்ணும் கூட வந்திருந்தாள். அவருக்கு "விறகுச்சூளை" என்று பெயர் கொடுத்தேன். அப்படியும் வாசல்வரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மதாம், நெட்டுல சட்டி பானைன்னு எழுதறத பிரெஞ்சு கொன்சுலாவுல பாத்துட்டா என் பான்சியோன் நின்னுடாதே?"

நான் ரொம்ப மரியாதையாத்தான்

மாதம் ஒன்று ஓடியிருக்காது. விறகில் சுட்டால் சாம்பல் பறந்து வந்து கோப்பையின்மேல் படிந்து, உருகி, தானே கண்ணாடிப் பூச்சாகிவிடும், அந்த அழகு எதிலும் வராது என்று விறகுச்சூளை எழுதியது. டிகிரி1300 பதில் போட்டது: "விறகில் வெந்தது கோப்பை அல்ல, கரிக்கட்டை." அதற்கு விறகுச்சூளை: "தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு சூளை பக்கத்தில் நிற்பவன் குயவன் அல்ல, நர்ஸ்."

மண்ணைப் பற்றிப் பேசக் கூட்டிய இடத்தில் இதென்ன பேச்சு? மற்ற உறுப்பினர்களோ, இவர்கள் ஒருநாள் எழுதாவிட்டால் "இன்று சண்டை இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டு பேரின் மெயிலும் இனி என் அனுமதி இல்லாமல் போகாது என்று பூட்டுப் போட்டேன். தேவநாதனுக்குப் போன் செய்து, பெரியவர் நீங்களே இப்படிப் பேசலாமா என்றும் கேட்டேன். திட்டுவதையும் திட்டிவிட்டு அந்த மனிதர் சொன்ன பதில்: "நானா? நான் ரொம்ப மரியாதையாத்தானே மதாம் சொன்னேன்!"

மஞ்சள் சுடிதார்

இப்படியே ஒரு வருஷத்துக்குமேல் போனது. ஒருநாள் காலையில் ஷெட்டுக்குப் போகுமுன் அனுமதிக்குக் காத்திருந்த மெயில்களைத் திறந்தேன். விறகுச்சூளையிடமிருந்து டிகிரி1300-க்கு. இன்றைக்கு என்ன வசவோ என்று படித்தால், "கண்ணு, நேத்து எழுதினது கொஞ்சம் ஓவராப் போச்சு, மனசுல வெச்சுக்காத. ஞாயித்துக்கெழம பொட்டானிக்கல் கார்டன் வந்துடு. மஞ்சள் சுடிதார்ல வரேன்" என்று இருக்கிறது.

சத்தியமாகச் சொல்கிறேன், வெள்ளை மீசையும் பட்டாளத்து நடையுமாக தேவநாதன் மஞ்சள் சுடிதாரில் பொட்டானிக்கல் கார்டனில் நிற்கிற காட்சி கண்முன்னால் வந்து, போக மறுத்தது. பிறகுதான் புத்தி வேலை செய்தது. டைப் அடிப்பது வித்யா அல்லவா! அந்தப் பக்கம்? சச்சிதானந்தம் கையெல்லாம் மண்ணோடு சக்கரத்தில் உட்கார்ந்தபடியே சொல்ல, அவர் மகன் பிரபுதான் அடிப்பான். தனியாக அனுப்ப வேண்டியதை இந்தப் பெண் பதற்றத்தில் குழுவுக்கே அனுப்பியிருக்கிறாள். அனுமதி என்ற பொத்தானும் நீக்கு என்ற பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒரு விரல் தள்ளி அழுத்தியிருந்தால் குழு முழுக்கப் படித்திருக்கும்.

எப்படியோ நீக்கிவிட்டு வித்யாவுக்குப் போன் போட்டேன். என் குரலைக் கேட்டதுமே அழுகிற குரலில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அக்கா, அப்ரூவ் பண்ணிடலையே?"

மண் பேச்சே கூடாது

வித்யாவுக்கு வீட்டில் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாரிஸ் பக்கத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்து பொருந்தியும் விட்டது. அந்தப் பையன் லீவில் வருவதற்குள் ஏதாவது செய்யாவிட்டால் அவளை ஃப்ளைட் ஏற்றிவிடுவார்கள். அப்பாவிடம் சொல்லலாம் என்றால், யார் மகன் என்று சொல்வது? கரிக்கட்டை என்று எழுதியவர் மகன் என்றா? அவளும் பிரபுவும் என் ஷெட்டுக்கே வந்து, நீங்கள்தான் அக்கா வழி சொல்ல வேண்டும் என்று நின்றார்கள். மட்டுறுத்துநர் தரகரானேன்.

புனைபெயருக்குப் பின்னால் யார் என்று இரண்டு அப்பாக்களுக்கும் தெரியாதது எனக்கு வசதி. தெரிந்த இடம், நல்ல பையன், கம்பெனி உத்தியோகக் குடும்பம் என்று தேவநாதனிடம் சொன்னேன். என்மேல் இருந்த நம்பிக்கையில், சரி, வந்து பெண் பார்க்கட்டும் என்றார். மண் பேச்சை எடுத்தால் மாப்பிள்ளை வீட்டில் மட்டமாக நினைப்பார்கள் என்று அவரிடமும், பெண்ணைப் பெற்றவருக்கு மண் என்றாலே ஆகாது என்று சச்சிதானந்தத்திடமும் கூசாமல் பொய் சொன்னேன். கொல்லையில் சூளையைத் தார்ப்பாய் போட்டு மூடினோம். சக்கரம் கட்டிலுக்கு அடியில் போனது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டபோது பிரபு சொன்னான்: "எங்கப்பா மண்ணத் தவிர வேற எதப்பத்தியும் பேசி நான் கேட்டதே இல்லக்கா."

காபி

பேசினார்! மழையைப் பற்றிப் பேசினார், பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசினார். தேவநாதன் பட்டாளத்துக் கதை சொன்னார். இரண்டு பேரும் ஒருவர் தொடையில் ஒருவர் தட்டிச் சிரிக்கிற அளவுக்குப் போய்விட்டது. வித்யா தட்டோடு வந்தாள். வீட்டிலிருந்த எவர்சில்வர் டம்ளர்களை எடுத்து வைத்துவிட்டுத்தான் நான் கூடத்துக்கு வந்திருந்தேன். ஆனால் வித்யாவின் அம்மா, விருந்தாளிக்கு டம்ளரா என்று, கணவர் செய்ததிலேயே சிறந்த கோப்பைகளை இறக்கி அதில் காபி ஊற்றியிருந்தார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வியாதி உண்டு. கையில் கோப்பை கொடுத்தால் கவிழ்த்து அடியைப் பார்க்காமல் இருக்க முடியாது. எப்படிச் செதுக்கியிருக்கிறான், எந்த மண், எவ்வளவு சூடு என்று எல்லாம் அடியில்தான் தெரியும். ஓட்டலில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் செய்வோம். காலியாக இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்வோம். சச்சிதானந்தம் ஒரு வாய் குடித்தார். விரல்கள் கோப்பையைத் தடவின. நான் "சார்!" என்பதற்குள் கவிழ்த்தேவிட்டார். அத்தனை காபியும் பேண்டில். அவர் மனைவி அலறினார். அவரோ சூடுகூட உறைக்காதவராய், அடி வளையத்தில் கட்டை விரலை ஓட்டிக்கொண்டே சொன்னார்: "விறகுல சுட்டதா? சூடு பத்தலையே."

யார் எழுதியது?

தேவநாதன் எழுந்து நின்றார். ஒரு வருஷமாக மெயிலில் வந்துகொண்டிருந்த அதே வரி, அது போதும் அவருக்கு. "டிகிரி1300 நீதானா?" என்றார். "விறகுச்சூளையா?" என்று இவரும் எழுந்தார். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். கல்யாணம் போயிற்று, வித்யாவைப் பாரிஸ் ஃப்ளைட்டில் ஏற்றப்போகிறார்கள், அதுவும் என்னால் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

"என்னை நர்சுன்னு எழுதின வீட்டுலயா பொண்ணு எடுக்கறது?" என்று சச்சிதானந்தம் கத்தினார்.

"நர்சா? நான் எப்பய்யா சொன்னேன்? நீதான் என் கோப்பைய கரிக்கட்டைன்ன!"

"கரிக்கட்டையா? அப்டி ஒரு வார்த்த என் வாய்ல வந்ததே இல்ல!"

எல்லோருடைய தலையும் மெதுவாக ஒரே பக்கம் திரும்பியது. பிரபு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வித்யா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, நேராக நின்று சொன்னாள். "நாங்கதான் எழுதினோம்பா. ரெண்டாவது மாசமே நீங்க, 'அவர் சொல்றதும் சரிதான், சூடு பத்தாமதான் இருக்கு, அப்டியே எழுதிடு'ன்னு சொன்னீங்க. எழுதியிருந்தா சண்ட முடிஞ்சிருக்கும். அப்பறம் நீங்க எங்க தெனமும் மெயில் போடச் சொல்வீங்க? நான் எங்க கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்து இவரோட பேசறது?"

எந்த வரிகளுக்காகப் பூட்டுப் போட்டு, எச்சரிக்கை விட்டு, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதி வாங்கினேனோ, அந்த வரிகளை இந்த இரண்டும் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கின்றன! தேவநாதன் கோபத்தில் மகளை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தார். நடுவில் புகுந்தார் சச்சிதானந்தம். அவர் முகம் மாறியிருந்தது. பேண்டிலிருந்து காபி சொட்டச் சொட்ட, "நான் சொன்னது சரின்னு இவரு ஒத்துக்கிட்டாரா? போன வருஷமே ஒத்துக்கிட்டாராம்மா?" என்று இரண்டு தரம் கேட்டார். வித்யா ஆமாம் என்று தலையாட்டினாள். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. கோப்பையைத் துடைத்து, தேவநாதன் கையில் பத்திரமாகக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அடி ரொம்ப அழகா செதுக்கியிருக்கீங்க சம்பந்தி. பொண்ணு எங்க வீட்டுக்கே வரட்டும். ஆனா இனிமே என் மெயில நானேதான் அடிப்பேன்."

பாரிஸ் ஜாதகத்தைத் தேவநாதன் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு பெரியவர்கள் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரிவரியாக நான் படித்துத் திருத்தி அனுப்பியதெல்லாம், கடைசியில் பார்த்தால், இரண்டு பிள்ளைகளின் காதல் கடிதங்கள்.